மலைச்சாலையை வென்றவர், ஊர்ச்சாலையில் வீழ்ந்தார்: டிடி பந்தய நாயகன் மைக் ஹெயில்வுட்டின் வாழ்க்கை

பெங்களூரு: பெங்களூருவின் சாலைகளில் ஓடும் இருசக்கர வாகனங்களின் பெட்ரோல் டேங்குகளைச் சற்று நின்று கவனித்தால், உலக மோட்டார் சைக்கிள் பந்தய வரலாற்றின் ஒரு பகுதியை அங்கேயே படித்துவிடலாம். அண்டை மாவட்டமான கோலாரின் நரசாபுராவில் ஹோண்டா வாகனங்கள் தயாராகின்றன. 1961ஆம் ஆண்டு முதல் மைசூரு ஆலையில் தயாரான ஜாவா வண்டிகளைப் பேணிக் காப்போர், ஆண்டுதோறும் ஜூலை மாதம் இந்நகரில் ஒன்றுகூடிக் கொண்டாடுகின்றனர். நகரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் ஓசூரில் பெரும் ஆலையை நடத்தும் டிவிஎஸ் நிறுவனம், பிரிட்டனின் பழம்பெரும் நார்ட்டன் நிறுவனத்தை 2020ஆம் ஆண்டு விலைக்கு வாங்கியது.

ஹோண்டா, ஜாவா, நார்ட்டன் ஆகிய மூன்று பெயர்களும் ஒரு காலத்தில் ஒரே தீவின் ஒரே சாலையில் போட்டியிட்டவை. இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையே கடலில் அமைந்துள்ள ஐல் ஆஃப் மேன் தீவே அது. அங்கு ஆண்டுதோறும் நடைபெறும் டூரிஸ்ட் டிராஃபி எனும் டிடி பந்தயம், உலகின் மிகப் பழமையான மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் ஒன்று. மிகவும் ஆபத்தானதும் அதுவே. நார்ட்டனிலும் ஹோண்டாவிலும் வென்று, ஜாவாவைப் பின்னுக்குத் தள்ளி, அச்சாலையில் 14 முறை வெற்றிக் கோப்பையை ஏந்தியவர் மைக் ஹெயில்வுட். அத்தனை ஆபத்துகளையும் கடந்து உயிருடன் மீண்ட அவர், 40 வயதில் தமது ஊருக்கு அருகே சாதாரண நெடுஞ்சாலை ஒன்றில் நேர்ந்த விபத்தில் உயிரிழந்தார்.

தீவில் பிறந்த பந்தயம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனின் சாலைகளில் மணிக்கு 20 மைலுக்கு மேல் வாகனம் ஓட்டச் சட்டம் அனுமதிக்கவில்லை. பந்தயத்துக்காகப் பொதுச்சாலையை மூடவும் வழியில்லை. தனக்கெனச் சட்டமன்றம் கொண்ட ஐல் ஆஃப் மேன், 1904ஆம் ஆண்டு சாலைகளை மூடி வாகனப் போட்டி நடத்த அனுமதி அளித்தது. மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1907ஆம் ஆண்டு மே 28ஆம் தேதி, முதல் டிடி மோட்டார் சைக்கிள் பந்தயம் நடைபெற்றது. ஒற்றை சிலிண்டர் பிரிவில் மேட்ச்லெஸ் வண்டியில் சார்லி கோலியரும், இரட்டை சிலிண்டர் பிரிவில் நார்ட்டன் வண்டியில் ரெம் ஃபௌலரும் வென்றனர். கோலியரின் சராசரி வேகம் மணிக்குச் சுமார் 61 கிலோமீட்டர். இன்று பெங்களூருவின் வெளிவட்டச் சாலையில், நெரிசல் இல்லாத நேரத்தில் ஒரு ஸ்கூட்டர் செல்லும் வேகம் அது.

1911ஆம் ஆண்டு பந்தயம் மலைப்பாதைக்கு மாற்றப்பட்டது. ஒரு சுற்று சுமார் 60.7 கிலோமீட்டர். கடற்கரை நகரான டக்ளஸில் தொடங்கி, சிற்றூர்களின் கடைவீதிகளையும் கற்சுவர்களையும் தாண்டி, ஸ்நேஃபெல் மலையில் ஏறி மீண்டும் நகருக்குள் இறங்கும் இப்பாதையில் இருநூறுக்கும் மேற்பட்ட வளைவுகள் உள்ளன. வீரர்கள் அனைவரும் ஒன்றாகப் புறப்படுவதில்லை. சில நொடி இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராக அனுப்பப்பட்டு, கடிகாரத்தை எதிர்த்தே போட்டியிடுகின்றனர். ஊரில் மழையும் மலையில் மூடுபனியும் ஒரே நேரத்தில் இருக்கக்கூடும். பாதை விலகினால் காத்திருப்பது மணல் படுக்கை அல்ல. வீட்டுச் சுவரோ, விளக்குக் கம்பமோதான். மலைப்பாதைக்குப் பந்தயம் மாறிய அதே ஆண்டில் விக்டர் சர்ரிட்ஜ் எனும் வீரர் பயிற்சியின்போது உயிரிழந்தார். அன்று தொடங்கி இன்றுவரை அப்பாதையில் நடந்த பல்வேறு பந்தயங்களிலும் பயிற்சிகளிலும் 260க்கும் மேற்பட்ட வீரர்கள் பலியாகியுள்ளனர்.

இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் இப்பந்தயத்தின் முடிசூடா மன்னராக விளங்கியவர் அயர்லாந்தின் ஸ்டான்லி வுட்ஸ். அவர் பெற்ற 10 வெற்றிகள் நீண்ட காலம் எட்ட முடியாத சாதனையாக இருந்தன. 1957ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் பாப் மெக்கின்டயர், ஒரு சுற்றைச் சராசரியாக மணிக்கு 100 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் முடித்த முதல் வீரரானார். அடுத்த ஆண்டு, 18 வயது இளைஞர் ஒருவர் அத்தீவில் முதன்முறையாகப் பந்தயத்தில் இறங்கினார்.

செல்வந்தரின் மகன்

ஸ்டான்லி மைக்கேல் பெய்லி ஹெயில்வுட் 1940ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் தேதி, இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் உள்ள கிரேட் மில்டன் எனும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ஸ்டான் ஹெயில்வுட், மோட்டார் சைக்கிள் விற்பனையில் தம் உழைப்பால் பெரும் செல்வம் ஈட்டியவர். மகன் பாங்போர்ன் கடற்பயிற்சிக் கல்லூரியில் பயின்றார். பின்னர் டிரையம்ஃப் மோட்டார் சைக்கிள் ஆலையில் சிறிது காலம் பணியாற்றினார். 1957ஆம் ஆண்டு ஏப்ரலில், 17 வயதில், ஓல்டன் பார்க் ஓடுதளத்தில் தமது முதல் பந்தயத்தில் பங்கேற்று 11ஆவது இடம் பெற்றார்.

தந்தையின் பணத்தால் சிறந்த வண்டிகளும் தேர்ந்த மெக்கானிக்குகளும் அவருக்கு எளிதில் கிடைத்தனர். மகனைப் பற்றிய விளம்பரத்திலும் தந்தை குறைவைக்கவில்லை. பழைய வண்டியைத் தாமே பழுதுபார்த்து, வேனில் உறங்கி ஊர் ஊராகச் சென்று போட்டியிட்ட வீரர்கள் பலர் நிறைந்த அக்காலத்தில், இது பொறாமையைத் தூண்டியதில் வியப்பில்லை. ஆனால் கடிகாரத்துக்குத் தந்தையின் செல்வம் தெரியாது. 1958 டிடி பந்தயத்தில் நான்கு பிரிவுகளில் களமிறங்கிய ஹெயில்வுட், 250 சிசி பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தார். அதன் பின்னர் வண்டியின் விலையைப் பற்றிய பேச்சு குறைந்து, ஓட்டுபவரின் கைத்திறனைப் பற்றிய பேச்சு வளர்ந்தது.

ஒரே வாரத்தில் மூன்று கோப்பைகள்

1961ஆம் ஆண்டு ஹெயில்வுட்டுக்கு மட்டுமன்றி ஜப்பானுக்கும் திருப்புமுனையாக அமைந்தது. ஹோண்டா நிறுவனத்தின் நிறுவனர் சொய்சிரோ ஹோண்டா, டிடி பந்தயத்தில் வெல்வதே தமது இலக்கு என 1954ஆம் ஆண்டு அறிவித்திருந்தார். 1959ஆம் ஆண்டு முதன்முறையாகத் தீவுக்கு வந்த அந்நிறுவனத்தின் அணியை ஐரோப்பியர் பலர் பெரிதாகக் கருதவில்லை. இரண்டே ஆண்டுகளில் நிலை மாறியது. 1961 டிடியில் 125 சிசி, 250 சிசி ஆகிய இரு பிரிவுகளிலும் முதல் ஐந்து இடங்களை ஹோண்டா வண்டிகளே பிடித்தன. இரண்டிலும் முதலிடம் பெற்றவர் ஹெயில்வுட். அத்தீவில் ஹோண்டாவுக்கு முதல் வெற்றியைத் தேடித் தந்தவர் அவரே.

350 சிசி பிரிவில் ஏஜேஎஸ் வண்டியில் முன்னிலை வகித்தபோது, இறுதிச் சுற்றில் எஞ்சின் பழுதாகி வெற்றி கைநழுவியது. ஆனால் 500 சிசி சீனியர் பந்தயத்தில் அதிர்ஷ்டம் அவர் பக்கம் திரும்பியது. எம்வி அகஸ்டா அணியின் கேரி ஹாக்கிங் இயந்திரக் கோளாறால் விலக, ஒற்றை சிலிண்டர் நார்ட்டனில் மணிக்குச் சுமார் 162 கிலோமீட்டர் சராசரி வேகத்தில் ஹெயில்வுட் வென்றார். ஒரே வாரத்தில் மூன்று டிடி பந்தயங்களை வென்ற முதல் வீரர் என்ற பெருமை 21 வயதில் அவருக்குக் கிடைத்தது. அதே ஆண்டு 250 சிசி உலகப் பட்டமும் அவர் வசமானது.

அடுத்த ஆண்டு எம்வி அகஸ்டா அணியில் இணைந்த ஹெயில்வுட், 350 சிசி ஜூனியர் டிடியில் ஹாக்கிங்கை முந்தி முதலிடம் பெற்றார். மூன்றாம் இடத்தில் ஜாவா வண்டியில் வந்தவர் செக்கோஸ்லோவாக்கியாவின் ஃபிரான்டிசெக் ஸ்டாஸ்ட்னி. மைசூரு ஆலை ஜாவாவை இந்தியர்களின் கைகளில் சேர்க்கத் தொடங்கியிருந்த காலம் அது.

ஆயினும் அந்தப் பந்தயம் துயரத்தில் முடிந்தது. ஆஸ்திரேலிய வீரர் டாம் ஃபிலிஸ் விபத்தில் உயிரிழந்தார். நண்பரின் மரணத்தால் நிலைகுலைந்த ஹாக்கிங், அதே வாரம் சீனியர் டிடியை வென்றபின் மோட்டார் சைக்கிள் பந்தயத்தை முற்றிலும் கைவிட்டார். பாதுகாப்பானது எனக் கருதி கார் பந்தயத்துக்கு மாறிய அவர், அவ்வாண்டு டிசம்பரில் தென்னாப்பிரிக்காவில் கார் விபத்தில் உயிரிழந்தார். ஹெயில்வுட் பந்தயத்தைத் தொடர்ந்தார். 1962 முதல் 1965 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் 500 சிசி உலகப் பட்டம் வென்றார்.

1965 சீனியர் டிடியில் மழை பெய்துகொண்டிருந்தது. அணியின் இளம் வீரரான இத்தாலியின் ஜியாகோமோ அகோஸ்டினி, சாராஸ் காட்டேஜ் எனும் வளைவில் வழுக்கி விழுந்து பந்தயத்திலிருந்து விலகினார். அதே இடத்தில் ஹெயில்வுட்டும் விழுந்தார். முன்கண்ணாடி உடைந்து, வண்டி சேதமடைந்த நிலையிலும், அதை நிமிர்த்தி மீண்டும் ஓட்டி முதலாவதாக வந்து சேர்ந்தார்.

1967: மறக்க முடியாத ஜூன் மாதம்

1966இல் ஹெயில்வுட் ஹோண்டாவுக்குத் திரும்பினார். அவ்வாண்டும் அடுத்த ஆண்டும் 250 சிசி, 350 சிசி உலகப் பட்டங்களை ஒருசேர வென்றார். டிடி தனது அறுபதாம் ஆண்டைக் கொண்டாடிய 1967 ஜூன் மாதத்தில், 250 சிசி, 350 சிசி பந்தயங்களை வென்றபின், சீனியர் பந்தயத்தில் எம்வி அகஸ்டாவில் வந்த அகோஸ்டினியை எதிர்கொண்டார்.

ஹோண்டாவின் 500 சிசி வண்டி ஆற்றல் மிக்கது. ஆனால் வேகத்தில் நிலைகொள்ளாமல் ஆடக்கூடியது. முதல் சுற்றில் அகோஸ்டினி முந்தினார். இரண்டாம் சுற்றை மணிக்குச் சுமார் 175 கிலோமீட்டர் சராசரி வேகத்தில் முடித்து ஹெயில்வுட் புதிய சாதனை படைத்தார். வண்டியின் ஆக்சிலரேட்டர் கைப்பிடி கழன்றுகொண்டே வந்தது. எரிபொருள் நிரப்ப நின்றபோது சுத்தியலால் அதைத் தட்டிப் பொருத்திக்கொண்டு விரைந்தார். இருவருக்கும் இடையே சில நொடிகளே வித்தியாசம் இருந்த நிலையில், ஐந்தாம் சுற்றில் மலைமேல் அகோஸ்டினியின் வண்டிச் சங்கிலி அறுந்தது. ஹெயில்வுட் வென்றார். இரண்டாம் முறையாக ஒரே வாரத்தில் மூன்று வெற்றிகள், மொத்தம் 12. ஸ்டான்லி வுட்ஸின் 10 வெற்றிச் சாதனை அந்த வாரம் முறியடிக்கப்பட்டது. ஹெயில்வுட் படைத்த சுற்றுச் சாதனை 1975 வரை நிலைத்தது.

அடுத்த ஆண்டு ஹோண்டா பந்தயங்களிலிருந்து விலகியது. வேறு அணிக்காக ஓட்டாதிருக்க ஹெயில்வுட்டுக்கு 50,000 பவுண்டு வழங்கப்பட்டதாகக் கூறப்படுகிறது. ஒன்பது உலகப் பட்டங்களுடனும் 76 கிராண்ட் பிரி வெற்றிகளுடனும் அவரது மோட்டார் சைக்கிள் வாழ்க்கை 27 வயதிலேயே ஏறக்குறைய முடிவுக்கு வந்தது.

தீக்குள் இறங்கிய மனிதர்

பின்னர் அவர் கார் பந்தயத்துக்கு மாறினார். 1969இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டேவிட் ஹாப்ஸுடன் இணைந்து மூன்றாம் இடம் பிடித்தார். 1972இல் ஐரோப்பிய ஃபார்முலா 2 பட்டம் வென்றார். ஃபார்முலா 1இல் 50 பந்தயங்களில் பங்கேற்றும் ஒரு வெற்றிகூடக் கிட்டவில்லை. ஆனால் அக்களத்தில் அவர் செய்த ஒரு செயல், வெற்றிகளைவிட நீண்ட காலம் நினைவில் நிற்கிறது.

1973ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் தேதி, தென்னாப்பிரிக்காவின் கயாலமி ஓடுதளத்தில் ஹெயில்வுட்டின் காரும் சுவிட்சர்லாந்து வீரர் க்ளே ரெகாசோனியின் காரும் மோதிக்கொண்டன. ரெகாசோனியின் கார் தீப்பற்றியது. உள்ளே அவர் நினைவிழந்து கிடந்தார். தமது காரிலிருந்து இறங்கி ஓடிய ஹெயில்வுட், எரியும் காருக்குள் கைவிட்டு இருக்கைப் பட்டையை அவிழ்க்க முயன்றார். அவரது உடையிலும் தீப்பற்றியது. விலகிச் சென்று தீ அணைக்கப்பட்டதும், மீண்டும் நெருப்பை நோக்கி ஓடி, ரெகாசோனியை வெளியே இழுத்துக் காப்பாற்றினார். இவ்வீரச் செயலுக்காக அவருக்கு ஜார்ஜ் பதக்கம் வழங்கப்பட்டது. போர்க்களத்துக்கு வெளியே காட்டப்படும் துணிச்சலுக்கு பிரிட்டன் அளிக்கும் உயரிய விருதுகளில் ஒன்று அது.

1974ஆம் ஆண்டு ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் நேர்ந்த விபத்தில் காலில் பலத்த காயமடைந்த ஹெயில்வுட், ஃபார்முலா 1இலிருந்து விடைபெற்றார். 1975இல் திருமணம் செய்துகொண்டு நியூசிலாந்தில் குடியேறினார்.

11 ஆண்டுகளுக்குப் பின்

இதற்கிடையே டிடியின் புகழும் மங்கத் தொடங்கியிருந்தது. 1972இல் இத்தாலிய வீரர் ஜில்பெர்ட்டோ பார்லோட்டி உயிரிழந்ததைத் தொடர்ந்து, அங்கு 10 முறை வென்ற அகோஸ்டினி இனி அத்தீவில் பந்தயம் ஓட்டுவதில்லை என முடிவு செய்தார். பிற முன்னணி வீரர்களும் புறக்கணித்தனர். 1976ஆம் ஆண்டுக்குப் பின் உலக சாம்பியன்ஷிப் அந்தஸ்தை டிடி இழந்தது.

அந்நிலையில் 1978இல் ஹெயில்வுட் தீவுக்குத் திரும்பினார். வயது 38. காயமடைந்த காலுடன் நடப்பதே சிரமமாக இருந்தது. அவர் ஓட்டிய டுகாட்டி வண்டி, மான்செஸ்டரைச் சேர்ந்த சிறிய விற்பனை நிறுவனம் ஒன்றால் தயார் செய்யப்பட்டது. எதிரே, ஹோண்டா ஆலை அணியின் வண்டியில் ஏழு முறை உலகச் சாம்பியனான ஃபில் ரீட்.

ஜூன் 3ஆம் தேதி நடந்த ஃபார்முலா ஒன் டிடி பந்தயத்தில், ரீட்டுக்கு 50 நொடிகள் பின்னதாகப் புறப்பட்ட ஹெயில்வுட், அந்த இடைவெளி முழுவதையும் அடைத்து அவரைச் சாலையிலேயே எட்டிப்பிடித்தார். ஐந்தாம் சுற்றில் ரீட்டின் வண்டி பழுதாகி நின்றது. ஹெயில்வுட் வென்றார். அவரது சராசரி வேகம், 1967 சீனியர் பந்தயத்தில் அவர் எட்டியிருந்த சராசரியையும் விஞ்சியது. சாலையோரச் சுவர்களிலும் வேலிகளிலும் அமர்ந்திருந்த மக்கள் ஆர்ப்பரித்து வரவேற்றனர்.

1979இல் சுசுகி வண்டியில் சீனியர் டிடியை வென்று தமது 14ஆவது வெற்றியைப் பதிவு செய்தார். சில நாள்களில் நடந்த கிளாசிக் டிடியில் ஸ்காட்லாந்தின் அலெக்ஸ் ஜார்ஜிடம் 3.4 நொடிகளில் தோற்றார். அத்துடன் அத்தீவின் பந்தயங்களிலிருந்து நிரந்தரமாக விடைபெற்றார்.

இறுதிப் பயணம்

இங்கிலாந்து திரும்பிய ஹெயில்வுட், முன்னாள் உலகச் சாம்பியன் ராட் கோல்டுடன் இணைந்து பர்மிங்காமில் மோட்டார் சைக்கிள் விற்பனை நிலையம் நடத்தினார். 1981ஆம் ஆண்டு மார்ச் 21, சனிக்கிழமை மாலை, தமது மகளையும் மகனையும் காரில் அழைத்துக்கொண்டு, வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் வாங்கிவரப் புறப்பட்டார். திரும்பும் வழியில், வார்விக்‌ஷயரில் ஏ435 நெடுஞ்சாலையில், லாரி ஒன்று நடுத்தடுப்பின் இடைவெளியில் விதியை மீறித் திரும்பியது. ஹெயில்வுட்டின் கார் அதன்மீது மோதியது. ஒன்பது வயது மகள் அங்கேயே உயிரிழந்தார். மகன் சிறு காயங்களுடன் தப்பினார். படுகாயமடைந்த ஹெயில்வுட் மார்ச் 23ஆம் தேதி மருத்துவமனையில் காலமானார். லாரி ஓட்டுநருக்கு நீதிமன்றம் விதித்த அபராதம் 100 பவுண்டு.

சாதனைகள் மாறும், சாலை மாறுமா?

ஹெயில்வுட்டின் 14 வெற்றிகள் பின்னர் முறியடிக்கப்பட்டன. வடக்கு அயர்லாந்தின் ஜோயி டன்லப் 26 முறை வென்றார். 2000ஆம் ஆண்டு எஸ்டோனியாவில் நடந்த பந்தயத்தில் உயிரிழந்தார். அவரது சகோதரர் மகன் மைக்கேல் டன்லப் அச்சாதனையை 2024இல் கடந்தார். 2023இல் பீட்டர் ஹிக்மேன் மணிக்குச் சுமார் 219 கிலோமீட்டர் சராசரி வேகத்தில் ஒரு சுற்றை முடித்தார். மலைப்பாதையின் மிக உயரமான இடம் மட்டும் இன்றும் ஹெயில்வுட்டின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அத்தீவில் பந்தயம் நடக்கும் நேரத்தில் சாலை மூடப்படுகிறது. எதிர்த்திசையில் வாகனம் வராது. ஒவ்வொரு வளைவிலும் கொடியுடன் பணியாளர் நிற்கிறார். ஆபத்தை அறிந்தே வீரர்கள் அங்கு இறங்குகின்றனர். இந்தியாவிலும் வேகத்துக்கென்று தனி இடம் உண்டு. சென்னையை அடுத்த சோழவரத்தில், போர்க்கால விமான ஓடுதளத்தில் ஆண்டுதோறும் நடந்த பந்தயங்களுக்கு பெங்களூருவிலிருந்தும் வீரர்கள் சென்றனர். பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தர ஓடுதளம் அமைந்தது.

பொதுச்சாலையில் அத்தகைய காவல் கிடையாது. மத்திய அரசின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் சுமார் 1.68 லட்சம் பேர் உயிரிழந்தனர். அவர்களில் ஏறக்குறைய 44 சதவீதத்தினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். இவர்களில் பெரும்பாலோர் எந்தப் பந்தயத்திலும் பங்கேற்றவர்கள் அல்லர். வேலைக்கும் பள்ளிக்கும் கடைக்கும் சென்றவர்கள். உலகின் மிகக் கடினமான சாலையை 14 முறை வென்ற கைகளாலும், முன்னே சென்ற ஒருவர் விதியை மீறித் திரும்பிய அந்த ஒரு கணத்தில் தம் மகளைக் காப்பாற்ற இயலவில்லை. நடுத்தடுப்பின் இடைவெளியில் அவசரமாக வண்டியைத் திருப்பும் எவரும் நினைவில் கொள்ள வேண்டிய வாழ்க்கை மைக் ஹெயில்வுட்டுடையது.